மழைக்கு முந்திய மூன்று மாதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், போடிநாயக்கனூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தோம். சங்கத்தின் புதிய கட்டிடத்துக்கு முன்னால் புல்தரை அமைப்பதென்றும், அதைச் சுற்றி அழகுச் செடிகள் வைத்து வசந்த காலத்திற்கேற்ற பொலிவு உண்டாக்குவதென்றும் ஒரு தீர்மானம் இருந்தது. அடுத்த பக்கத்தில் வேறொரு தீர்மானம். மலைத்தோட்ட அங்கத்தினர் சிலரின் கடன் மனுக்களில் விவரங்கள் போதாமையால், அவற்றை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது என்பது அது. இரண்டையும் ஒருசேரப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வாசலில் புல் முளைக்க நாள் குறித்தவர்கள், மலையில் மண் தங்குவதற்கு நாள் குறிக்க மறந்துவிட்டார்கள்.

புல்தரை மீது நமக்குப் பகை இல்லை. குளிர் நாடுகளில் பனி உருகும் பருவத்தில், வீட்டுக்கு வீடு மக்கள் வெளியே வந்து பட்ட புல்லை வாரி எடுக்கிறார்கள். இறுகிய தரையைக் குத்தி இளக்குகிறார்கள். வெறுமையான இடங்களில் விதை தூவுகிறார்கள். அங்கே மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மண்ணில் ஈரம் உண்டு. வெயில் மெல்ல ஏறும். ஆகவே அந்தப் பருவத்தில் செய்யும் வேலை பலிக்கிறது. நமக்கோ மார்ச்சு என்பது மாசியின் பிற்பாதியும் பங்குனியின் முற்பாதியும். கொட்டகுடி ஆறு மெலிந்து பாறை தெரியும் காலம் அது. பஞ்சாங்கம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று சொன்னாலும், நம் சரிவுகளுக்கு உண்மையான வசந்தம் மழையோடுதான் பிறக்கிறது. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன் சித்திரையில் கோடை மழை இரண்டொன்று பெய்யலாம்; பெய்யாமலும் போகலாம். போடிப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகள் ஐப்பசி, கார்த்திகை மழையையும் எதிர்பார்த்து நிற்பவை. ஆதலால் மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களே நமக்கு ஆயத்த காலம். இந்த மூன்று மாதங்களில் என்ன செய்ய வேண்டும், அதைத் தனித்தனியே செய்தால் ஏன் போதாது என்பதை அங்கத்தினர்களின் யோசனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, நெருப்பைப் பற்றியது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் தேதி குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். போடி மக்கள் எவரும் அந்த நாளை மறக்கமாட்டார்கள். மலையடிவாரத்து மக்கள் பலர் இருட்டில் மேலேறி, காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். காய்ந்து ஆளுயரம் நிற்கும் மலைப்புல், ஒரு பொறி பட்டால் காற்று வீசும் திசையில் மேட்டை நோக்கி ஓடும். நெருப்பு ஏறும் வேகத்துக்கு மனிதன் சரிவில் ஓட முடியாது. ஆகவே தோட்டம் காட்டையோ புல்வெளியையோ தொடும் எல்லையில், கோடை முற்றும் முன்பே தீத்தடுப்புக் கோடு எடுத்துவிட வேண்டும். புல்லையும் சருகையும் அறுத்து அப்புறப்படுத்தி, தரை தெரியும்படி வைப்பதே அது. புதுப்புல் தளிர்க்கும் என்று மேய்ச்சலுக்காகத் தீ வைக்கும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால், அதை இனியேனும் கைவிட வேண்டும். எரிந்த சரிவில் தளிர்க்கும் புல் பத்து நாள் ஆட்டுக்குத் தீனியாகலாம். அடுத்த பெருமழையில் இறங்கும் மண்ணுக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது, தரையைப் பற்றியது. எல்லையில் சுத்தம் வேண்டும் என்றோம். தோட்டத்துக்கு உள்ளே அதே சுத்தம் தீமையாகும். நம்மவர்களில் பலருக்குத் தோட்டம் கூட்டிப் பெருக்கிய வாசல் போல இருந்தால்தான் திருப்தி. களைக்கொல்லி தெளித்தோ, மண்வெட்டியால் கொத்தியோ, ஒரு புல் இல்லாமல் செய்துவிட்டு, பார்க்க வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுகிறார்கள். சமதரையில் இதனால் நஷ்டம் குறைவு. சரிவில் வெறும் மண்ணின் மீது முதல் மழை விழுந்தால், ஆண்டாண்டாக இலை மக்கிச் சேர்ந்த மேல்மண் ஒரே பிற்பகலில் ஓடைக்குப் போய்விடும். ஓடையிலிருந்து கொட்டகுடி ஆற்றுக்கும், அங்கிருந்து வைகைக்கும் போகும். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் அடியில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருப்பதைப் பற்றிச் சமவெளி விவசாயிகள் பேசுகிறார்கள். அந்த வண்டலில் நம் மலைகளின் மேல்மண்ணும் கலந்திருக்கிறது.

செடியின் தூரைச் சுற்றி மட்டும் கையால் களையெடுத்து, வரிசைகளுக்கு இடையே உள்ள களையை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்துப் போடுவதே சரிவுக்கு ஏற்ற முறை. அறுத்த களையும் உதிர்ந்த இலையும் கோடை முழுவதும் தரையிலேயே கிடக்கட்டும். அவை ஈரத்தைக் காக்கும். கோடை மழை விழுந்து பூ வரத் தொடங்கும்போது, தூரை ஒட்டியுள்ள மூடாக்கை மட்டும் விலக்கிவிட வேண்டும். ஏலச்செடியின் சரம் அடித்தூரிலிருந்து கிளம்புவது. மலபார் ரகத்தில் அது தரையோடு படரும். மைசூர் ரகத்தில் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை ரகம் இரண்டுக்கும் இடைப்பட்டது. சரத்தைச் சருகு மூடியிருந்தால் தேனீ பூவை எப்படி அணுகும்? நீர் ஓடிவரும் இடங்களில், சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் குழிகள் எடுத்து வைத்தால், மழை நீர் அங்கே தங்கி மண்ணை இறக்கிவிட்டு நிதானமாகக் கீழே செல்லும்.

மூன்றாவது, நிழலும் கவாத்தும். ஏலம் நிழலை விரும்பும் பயிர்; ஆனால் இருட்டை விரும்பாது. 2024ஆம் ஆண்டுக் கோடையில், மழை தவறி வெப்பம் மிகுந்தபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. அதிக விளைச்சலை நாடி நிழல் மரங்களை முன்பே அளவுக்கு மீறிக் கழித்தவர்களுக்கு அந்தக் கோடை கொடிய பாடமாயிற்று. எனவே மாசியில் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. கோடை மழை கண்ட பிறகு, பருவமழை இறங்குமுன், பக்கக் கிளைகளை அளவாகக் கழித்து, வானத்து வெளிச்சத்தில் ஏறத்தாழப் பாதி தரைக்கு வரும்படி செய்வது சிலாக்கியம். அதே சமயத்தில் காய்ந்த தட்டைகளையும் தொங்கும் சருகுகளையும் நீக்கிக் கவாத்துச் செய்தால், தூருக்குள் காற்று புகும். காற்று புகாத தூரில்தான் அழுகல் குடியேறுகிறது.

நான்காவது, நோய். ‘கட்டே’ என வழங்கும் தேமல் நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. இலையில் வெளிர்ந்த கோடுகள் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி ஓடுவதைக் கண்டால், அந்தத் தூரை வேரோடு பெயர்த்து அழிப்பதே வழி. அசுவினிப் பூச்சி அதைச் செடியிலிருந்து செடிக்குக் கொண்டுபோகும்; நோயுள்ள தூரிலிருந்து பிரித்த கன்றுகளும் அதைப் புதிய தோட்டத்துக்குக் கொண்டுபோகும். ஈரத்தில் பரவும் காயழுகலுக்கு மழைக்கு முன்னரே ஒரு சதவீதப் போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தத்தையும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கி, மொத்தம் நூறு லிட்டர் வரும்படி செய்வது இதன் கணக்கு. இரும்புப் பாத்திரம் உதவாது. துலக்கிய கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். எந்தப் பூச்சிமருந்தை அடித்தாலும் பிற்பகலில் அடிப்பது நலம். ஏலப்பூ விடியற்காலையில் மலர்கிறது. முற்பகலில் தேனீ வேலை செய்கிறது. தேனீயைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று விதியை நோவதில் அர்த்தமில்லை.

இவை எதுவும் நாம் கண்டுபிடித்த புதுமைகள் அல்ல. 1956இல் தொடங்கிய பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும், 1978இல் தொடங்கிய மயிலாடும்பாறை இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் இவ்வழியே எத்தனையோ காலமாகச் சொல்லி வருகின்றன. (இது இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறை, நம் மாவட்டத்தில் அதே பெயர் கொண்ட ஊர் அன்று.) அனுபவமுள்ள தோட்டக்காரர் எவரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார். தெரிந்த வேலை ஏன் நடப்பதில்லை என்பதே நம் கேள்வி.

ஒரு காரணம், நம்மில் ஒவ்வொருவரும் தம் தோட்டம் தம் எல்லைக் கல்லோடு முடிகிறது என்று எண்ணுவது. கல் பட்டாவுக்கு உரியது; சரிவு அதை அறியாது. மேல் தோட்டக்காரர் தரையை வெறுமையாக்கினால், கீழ்த் தோட்டக்காரரின் தூர்கள் சேற்றில் புதைகின்றன. ஒருவர் தேமல் பிடித்த செடியை, ‘இந்த ஆண்டுக் காய் எடுத்துக்கொண்டு பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவைத்தால், அவருடைய அசுவினி அயலார் தோட்டத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டா போகும்? தீக்கோடு ஓரிடத்தில் அறுந்தால், மற்றவர் எடுத்த கோடும் பயனற்றது. பத்துப் பேர் உள்ள சரிவில் ஒன்பது பேர் ஆயத்தமாகி ஒருவர் தூங்கினால், ஒன்பது பேருடைய உழைப்பும் ஆபத்தில் இருக்கிறது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி ஏற்றும் வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியுமா? விடியலில் அண்டை வீட்டார் வந்து கைகொடுக்கிறார்கள். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போகிறார்கள். மேகம் கூடிய நாளில் பாவை விரிப்பவர் எவருமில்லை. குழித்தறி வைத்திருப்போர் மழைக்காலத்துக்கு முன்பே குழியின் ஓரத்தை உயர்த்தி, கூரை ஒழுக்கை அடைத்து வைக்கிறார்கள். குழியில் ஊற்று எடுத்த பிறகு தறியை நகர்த்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் அறிந்த இந்தப் பழக்கத்தை மலைச்சரிவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் நம்மைச் சேர்ந்தது. நம்மை என்றால் சங்கங்களையும், சங்கங்களை மேற்பார்க்கும் எம்மையும் சொல்கிறோம். ஆயத்த வேலைக்கு ரொக்கம் வேண்டும். கவாத்துக்கும் நிழல் கழிப்புக்கும் கூலி அன்றன்று கொடுக்க வேண்டும். சுண்ணாம்பும் துத்தமும் கடனுக்குத் தரும் கடைக்காரர், அதை விலையிலே ஏற்றிக்கொள்கிறார். காய் விற்ற பணம் மாசிக்குள் செலவாகிவிட்டிருக்கும். ஆக, மாசியில் வரும் நூறு ரூபாய் ஆனியில் வரும் ஐந்நூறுக்குச் சமம். ஆனால் நம் கடன் வழங்கும் நடைமுறை, பருவத்தைப் பார்த்து நடப்பதில்லை. கோப்பைப் பார்த்து நடக்கிறது.

எம் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பணியில் சேர்ந்த புதிதில், சிறு தோட்டக்காரர் ஒருவரின் மனு பங்குனி தொடக்கத்தில் எம் மேசைக்கு வந்தது. அடங்கல் நகல் ஒன்று குறைந்திருந்தது. விதிப்படி திருப்பி அனுப்பினோம். தோட்டம் எல்லைக்கு அப்பாலும் வீடு இப்பாலுமாக வாழும் மக்களுக்குக் காகிதம் சேகரிக்கவே எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. நகல் வந்து சேர்ந்தபோது நாம் வேறு வட்டாரத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தோம். கையெழுத்தாகிப் பணம் அவர் கைக்குப் போனபோது மழை இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு அவர் தோட்டத்தின் தாழ்வான பக்கத்தில் அழுகல் கண்டது. அங்கிருந்து அடுத்த தோட்டத்துக்கும் பரவியது. தணிக்கைக்குச் சென்றபோது அவரைச் சந்தித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கடன் வந்தது ஐயா, காலம்தான் போய்விட்டது” என்று மட்டும் சொன்னார். அந்தக் கோப்பில் ஒரு விதியும் மீறப்படவில்லை. எனினும் அதை முடித்து வைத்ததில் நமக்கு மனநிறைவு இல்லை. நட்ட ஏலச்செடி பலனுக்கு வர மூன்றாம் ஆண்டு ஆகும். எம் தாமதம் அவருக்கு ஒரு மழைக்காலத்தோடு தீரவில்லை.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏலக்காய் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போயிற்று. முந்திய ஆண்டு வெள்ளமும் அந்த ஆண்டு மழைத் தாமதமும் காயைக் குறைத்திருந்ததே விலை ஏற்றத்துக்கு முக்கிய காரணம். அப்போது போடியில் விலையைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. ஆனால் தூரைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த விலை செய்தித்தாளில் படிக்க மட்டுமே உதவியது. விலை நம் கையில் இல்லை. குவாட்டிமாலா நாட்டு விளைச்சல் கூட அதை அசைக்கிறது. தூர் உயிரோடு நிற்கும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

ஒன்று: மலைத்தோட்ட அங்கத்தினர்களின் மனுக்களைத் தை மாதத்திலேயே சங்கம் கேட்டு வாங்க வேண்டும். மனு வரும்வரை காத்திருப்பது போதாது. காகிதக் குறை இருந்தால், என்ன குறை என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாசி முடிவதற்குள் முடிவு தெரிய வேண்டும். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் அங்கத்தினருக்கு வட்டியின்றிப் பயிர்க்கடன் தரும் சலுகை நம் மாநிலத்தில் உண்டு. கடன் காலத்தில் வந்தால் அல்லவோ தவணையும் காலத்தில் வரும்?

இரண்டு: துத்தம், சுண்ணாம்பு, தெளிப்பான், அரிவாள் ஆகியவற்றைச் சங்கம் பங்குனிக்குள் இருப்பு வைக்க வேண்டும். விசைத்தெளிப்பான் ஒவ்வொருவரும் வாங்க இயலாது; சங்கத்தில் இரண்டு இருந்தால் முறை வைத்து வாடகைக்கு விடலாம்.

மூன்று: ஒரே சரிவில் உள்ள அங்கத்தினர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். மாசியில் ஒரு நாள் எல்லா எல்லைகளிலும் தீக்கோடு எடுப்பதற்கு. சித்திரையில் ஒரு நாள் எல்லாத் தோட்டங்களிலும் சேர்ந்து நடந்து தேமல் செடிகளை அடையாளமிட்டுப் பெயர்ப்பதற்கு. அவரவர் தோட்டத்தில் அவரவர் பார்க்கும்போது கண்ணில் படாத நோய், அயலார் கண்ணில் படும்.

‘வேலைக்கு ஆளே கிடைக்காத காலத்தில் கூட்டு உழைப்பா?’ என்று சிலர் கேட்பர். ஆள் கிடைக்காததனால்தான் கூட்டு உழைப்பு வேண்டும் என்கிறோம். கூலிக்கு ஆள் தாராளமாகக் கிடைத்திருந்தால் கூட்டுறவுக்கே தேவை குறைந்திருக்கும். ‘கடனை முன்பே கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடாதா?’ என்று நிர்வாகிகள் கேட்பர். போகலாம். பின்னால் கொடுத்த கடன் வேறு செலவுக்குப் போனதில்லையா? வேலை நடந்ததா என்பதைச் சித்திரையில் அதே குழு நடந்து பார்க்கும்போது தெரிந்துவிடும். அயலார் கண்ணை விடச் சிறந்த மேற்பார்வை எம்மிடம் இல்லை. 1904இல் திரூரில் நம் மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானபோது, ஒருவரை ஒருவர் அறிந்த ஊரார் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்கலாம் என்ற நம்பிக்கையே அதற்கு மூலதனமாக இருந்தது. மலைச்சரிவில் அந்த நம்பிக்கைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன புல்தரையின் முடிவையும் அறிய விரும்புவீர்கள். எம் ஆய்வுக் குறிப்பில் ஆட்சேபணை என்று எழுதாமல், ஒரு யோசனையாக எழுதினோம். கோடையில் புல்லுக்கு ஊற்றும் தண்ணீரை நாற்றங்காலுக்கு ஊற்றலாமே என்றோம். மறு ஆண்டு சென்றபோது, கட்டிடத்தின் முகப்பில் நிழல் வலைக்குக் கீழே பலாவும் சந்தன வேம்பும் பைகளில் வரிசையாக நின்றன. மழை தொடங்கியதும் அங்கத்தினர்களுக்குக் கொடுக்கப்போவதாகச் செயலாளர் சொன்னார். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். மலைத்தோட்டக் கடன் மனுக்கள் மாசி இருபதாம் தேதியன்று முடிவாகியிருந்தன. இரண்டு மனுக்கள் மட்டும் காகிதக் குறையால் நின்றிருந்தன. அவற்றை அங்கேயே உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டுத்தான் பேருந்துக்குப் புறப்பட்டோம்.